ஆந்தை போலக் கத்தி வான்கோழி தேடியது

எங்க வீட்டுக்காரர் போனில் ஒரு வெள்ளைக்காரன் வருவான். உடம்பெல்லாம் இலை வரைந்த சட்டை, மூஞ்சியில் கரி. விடியாத காட்டுக்குள் பூனை மாதிரி நடப்பான். குனிந்து ஓர் எச்சத்தைக் குச்சியால் புரட்டுவான், மரத்தை அண்ணாந்து பார்ப்பான், பிறகு நம்மைப் பார்த்துக் கிசுகிசுப்பான். அவன் தேடுவது வான்கோழியை. அவன் நாட்டில் அது காட்டில் தானாகத் திரியுமாம், எங்கள் மகள் கேட்டுவிட்டு விளக்கிச் சொன்னது. வேட்டை தொடங்குவதற்கு முந்தி, பழக்கமில்லாத காட்டில் அது எங்கே மேய்கிறது, எந்த மரத்தில் அடைகிறது என்று வேவு பார்ப்பதே பெரிய வேலையாம். அவன் பேசுவது எங்கள் ரெண்டு பேருக்கும் விளங்காது. நான் எட்டாவதோடு நின்றவள். அவர் எனக்கு மேலே ஒரு வகுப்பு. ஆனால் கையைக் காட்டினால் எந்த ஊர்க்காரன் காட்டினாலும் விளங்கும்தானே.

அந்த வீடியோவை நம்பித்தான் நாங்கள் வான்கோழி தேடப் போனோம். வேட்டைக்கு இல்லை. நாங்கள் வளர்த்த கோழிகளே காட்டுக்கோழியாகிப் போயிருந்தன.

அவர் வெளிநாட்டில் தண்ணி லாரி ஓட்டினவர். எங்கள் கல்யாணத்திலிருந்து மகளைக் கட்டிக் கொடுத்தது வரைக்கும் அவரைப் பார்த்த நாளைவிட போனில் கேட்ட நாள்தான் அதிகம். மகள் புருசன் வீட்டுக்குப் போனபிறகு ராத்திரி கதவு காற்றில் ஆடினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். தாழ்ப்பாள் போட்டேனா, கேஸை அடைத்தேனா, அவர் அங்கே லாரியில் தூங்கிவிட்டாரா என்று ஒன்று மாற்றி ஒன்று மனசில் ஓடும். அப்படி இருந்த வீட்டுக்கு ஒரு நாள் அவர் பெட்டியோடு வந்து, "இனிமே போகலை புள்ள" என்றார். அன்னவாசலுக்கு வெளியே எங்களுக்கு இருந்த கொல்லையில் கம்பிவேலி அடித்து வான்கோழி விட்டார். குஞ்சு வாங்கி வளர்த்து, முட்டையை அடைவைத்துப் பெருக்கி, கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் பிரியாணிக்குக் கொடுப்பதாகத் திட்டம். இறக்கையை வெட்டிவிடச் சொன்னார்கள். பாவம் என்று வெட்டவில்லை.

ஒரு விடியக்காலையில் தெருநாய்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டன. நாங்கள் ஓடிப்போய்ப் பார்க்கும்போது கொல்லையில் இறகுதான் கிடந்தது. கடி பட்டது கொஞ்சம், மற்றதெல்லாம் சுவர் தாண்டிப் பறந்துவிட்டன. அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு அது பறக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அக்கம்பக்கமெல்லாம் தேடி அலுத்துப்போன நேரத்தில் ஏஜென்ட் போன் போட்டார். பழைய கம்பெனியிலேயே ஆள் எடுக்கிறார்கள், விசா தயார், நாளை மத்தியானத்துக்குள் வருகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட வேண்டும். இவர் போனை வைத்துவிட்டுப் பிய்ந்த வேலிக் கம்பியை இழுத்து முறுக்கினார்.

"கோழி கெடைச்சா இருக்கேன். கெடைக்கலைன்னா போறேன். வேற என்ன செய்யச் சொல்ற?"

"கெடைக்கும் மச்சான்."

"வாயி கெடைக்கும்னு சொல்லுது. மூஞ்சி இப்பவே என்னைய ஏர்போர்ட்டுல விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு."

அன்றைக்குச் சாயங்காலம் வருவதற்கு முன்னாலேயே பால்காரர் ஒரு சேதி சொன்னார். இலுப்பூர் ரோட்டுக்கு அங்கிட்டு ஒரு கண்மாய், அதன் கரையைத் தாண்டி கறுப்பாக ஒரு கூட்டம் மேய்ந்ததாம். "மயிலுன்னுதான் நெனச்சேன். தலை மொட்டையா இருந்துச்சு. கழுகுன்னு வண்டிய முறுக்கிட்டேன்" என்றார். மொட்டைத் தலை என்றதும் இவர் பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவினார்.

ஸ்கூட்டரில் சாக்கு, கயிறு, தீனிக்குக் கொஞ்சம் கம்புத் தானியம், நான். இவர் அலமாரியைக் குடைந்து ஒரு கிளிப்பச்சை டீசர்ட்டைத் தேடிப் போட்டுக்கொண்டார். காட்டில் தெரியாமல் இருக்கணுமாம். அந்தப் பச்சை இலுப்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

அந்தப் பக்கம் நான் பஸ்ஸில் போயிருக்கிறேனே தவிர இறங்கினதில்லை. கண்மாய்க்கரையைத் தாண்டினால் சரளை மண், கருவை முள், நடுநடுவே தைல மரம். முயலுக்கு வலை கட்டுகிற காடு என்று ஊரில் சொல்வார்கள். காட்டுப்பன்னிக்குத் தீனிக்குள் வெடி வைத்துப் புதைப்பார்கள் என்றும் கேள்வி. அதைக் கேள்விப்படாமல் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஒவ்வொரு அடியும் அவர் செருப்புத் தடத்திலேயே வைத்து நடந்தேன். அவர் ஒரு தடவை நின்று திரும்பி, "என்ன, ஏன் தவளை மாதிரி தாவித் தாவி வாற?" என்று கேட்டார். அவருக்குக் கால் நீளம்.

அவர் அந்த வெள்ளைக்காரன் மாதிரியே குனிந்து பார்த்துக்கொண்டு போனார். வான்கோழிச் சேவலின் எச்சம் ஒரு பக்கம் கொக்கி மாதிரி வளைந்திருக்குமாம், பெட்டையினது முறுக்குப் பிழிந்த மாதிரி சுருண்டிருக்குமாம். எங்கள் கொல்லையில் தினம் நான் கூட்டி அள்ளினதுதான், ஆனால் இப்படி யார் பார்த்தது. அங்கே எச்சத்துக்குக் குறைவே இல்லை. கஷ்டம் என்னவென்றால் எங்கள் ஜில்லாவில் எந்தக் காட்டுக்குப் போனாலும் மயில் இருக்கும். அந்த எச்சம் மயிலா வான்கோழியா என்று அந்த வெள்ளைக்காரன் சொல்லித் தரவில்லை. அவன் காட்டில் மயில் இல்லை. கால் தடமும் அப்படித்தான், மூன்று விரல், பின்னால் ஒரு புள்ளி. ஒரு பழுப்பு இறகு கிடந்தது. எங்களுதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம் என எடுத்து என் பைக்குள் போட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் பேச்சுச் சத்தம் கேட்டது. நூறு நாள் வேலைப் பொம்பளைங்க வாய்க்கால் வெட்டி முடித்து, மண்வெட்டியும் சட்டியுமாக வந்துகொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். முன்னால் வந்த அம்மா சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தது.

"யாரு அது? மயிலு புடிக்க வந்தீங்களா?"

"இல்லம்மா, வான்கோழி" என்றார் இவர்.

"காட்டுல ஏது பாய் வான்கோழி? பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பொருத்தமாச் சொல்லக்கூடாது?"

பின்னாலிருந்து ஒருத்தி, "சாக்கு வேற வச்சிருக்காங்கடி. மயில் வாலைச் சாக்குக்குள்ள எப்புடி மடிப்பாங்க?" என்றாள்.

"அவருதான் கிளியாட்டம் சட்டை போட்டு வந்திருக்காருல்ல, மயிலு தானா பின்னால போயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். இவர் நாய் வேலியைப் பிய்த்ததிலிருந்து எல்லாக் கதையும் சொன்னார். சட்டைக்கார அம்மா கேட்டுக்கொண்டது, ஆனால் கண் சாக்கிலேயே இருந்தது.

"பாயம்மா, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. இங்கிட்டு எவனோ மருந்து வச்சு மயிலைக் கொன்னுட்டுப் போயிட்டான். ஊரே கொதிச்சுப் போயிருக்கு. கையில ஒரு மயில் றெக்கை இருந்தாப் போதும், ஆம்பளைங்க கேள்வி கேக்க மாட்டாங்க. இருட்டுறதுக்குள்ள போயிருங்க." பிறகு மற்றவர்களிடம், "வாங்கடி, எங்க மாமனாருக்குக் கஞ்சி ஊத்தணும். இன்னைக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டுக் கெடக்காரு" என்று நடையைக் கட்டியது.

அவர்கள் தலை மறைகிற வரைக்கும் என் பை எனக்குப் பாறாங்கல்லாகக் கனத்தது. மறைந்ததும் அந்த இறகை எடுத்து எறிந்தேன். எறிந்தது முள்ளில் மாட்டிக்கொண்டு எல்லாரும் பார்க்கிற உயரத்தில் ஆடியது. திரும்பப் போய் எடுத்து மண்ணைக் கிளறிப் புதைத்தேன். புதைக்கும்போது யாராவது பார்த்தால் இன்னும் மோசம் என்று அப்புறம்தான் தோன்றியது.

"போயிரலாம் மச்சான்."

"இன்னும் கொஞ்சம்."

"அந்தம்மா சொன்னதைக் கேட்டீங்கள்ல?"

"கேட்டேன். ஏஜென்ட் சொன்னதையும் கேட்டேன்."

இவரைத் திட்டுகிறதா, இவர் பின்னால் போகிறதா? போனேன்.

வெயில் மஞ்சளாகச் சாய்ந்த நேரத்தில்தான் அது கிடைத்தது. தைல மரத்தடியில் மண் பொடிப்பொடியாகக் கிளறி, சட்டி சட்டியாகக் குழி. கோழி மண்ணில் புரண்டு குளித்த இடம். குழியில் ஒரு இறகு, கறுப்பில் செம்பு மினுக்கு, நுனியில் வெள்ளை விளிம்பு. இது எங்களுது. தினம் அதன் முதுகில் தண்ணி ஊற்றி விட்டவளுக்குத் தெரியாதா. சந்தோசத்தில் இவர் என் கையைப் பிடித்துவிட்டார், அந்தக் காட்டில், வெட்டவெளியில். உடனே விட்டும்விட்டார்.

தடம் அங்கிருந்து வரிசையாகப் போனது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் திடீரென்று கருவையெல்லாம் முடிந்து, எதிரே சுவர் வைத்த மாதிரி கறுப்பாக மரக்கூட்டம். வீரமரமும் கொடியும் பின்னிக்கொண்டு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அங்கிட்டு ஊர் ஓடுகள் தெரிந்தன. மேற்கே சூரியன் போயேவிட்டது. கோழி அடைகிற நேரம். எந்த மரத்தில் என்று தெரிந்தால் விடிகாலையில் வந்து இறங்கும்போது பிடிக்கலாம். தெரியாவிட்டால் விடிந்ததும் அது ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். மத்தியானம் ஏஜென்ட்.

"சத்தம் குடுத்துப் பாக்குறேன்" என்றார்.

அந்த வெள்ளைக்காரன் அடைகிற நேரத்தில் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். வாயில் ரெண்டு கையையும் குவித்து ஆந்தை மாதிரிக் கத்துவான். திடுக்கென்று ஒரு சத்தம் கேட்டால் வான்கோழிச் சேவலுக்குப் பொறுக்காது, பதிலுக்குக் குளுகுளுவென்று கத்தித் தன் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இவர் அதைக் குளியலறையில் பழகியிருந்தார்.

"ஆந்தை வேணாம் மச்சான். விசில் அடிங்க. கையத் தட்டுங்க."

"விசில் அடிச்சா பொம்பளைங்கள பாத்து அடிச்சோம்பாங்க."

"ஊரு பக்கத்துல இருக்கு. ஆந்தைன்னா..."

"நம்ம மார்க்கத்துல சகுனம் பாக்கக்கூடாது."

பார்க்கக்கூடாதுதான். எங்க அம்மாவும் அதைத்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தது. ஆனால் பயம் மார்க்கம் கேட்டுக்கொண்டா வருகிறது? எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஆந்தை ஒற்றைக் குரல் கொடுத்தால் சாவு, ரெட்டைக் குரல் கொடுத்தால் நினைத்த காரியம் கைகூடும். நான் சொல்லி வாய் மூடுவதற்குள் இவர் கையைக் குவித்துவிட்டார்.

குளியலறையில் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த அந்தி வெளியில் அது ஒரு நிஜ ஆந்தை. பெரிய, கிழட்டு ஆந்தை. எனக்கே முடி சிலிர்த்தது. காடு கப்பென்று அடங்கியது. வான்கோழி பதில் கொடுக்கவில்லை.

"இன்னொண்ணு போடுங்க."

"இரு, கேப்போம்."

"ஒத்தையா விடாதீங்க மச்சான், இன்னொண்ணு போடுங்க!"

அவர் மறுபடி கையைக் குவித்தார். தொண்டையில் எச்சில் சிக்கி இருமல்தான் வந்தது. இருமி முடிப்பதற்குள் ஊருக்குள் நாய் குரைத்தது. ஒரு பொம்பளைக் குரல் வீறிட்டது. அப்புறம் நிறையக் குரல். ஓடுகளுக்கு நடுவிலிருந்து டார்ச் வெளிச்சம் ரெண்டு மூன்று எங்கள் பக்கம் திரும்பின.

ஓடலாமா என்று கேட்டேன். எங்கிட்டு ஓட, முள்ளுக்குள்ளா? ஓடினால் திருடன்தான். சாக்கைக் கீழே போட்டேன். பிறகு, கீழே போட்டால் மறைத்த மாதிரி இருக்குமே என்று எடுத்துக் கையில் வைத்தேன். அவர் என் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

வந்தவர்களில் முதல் ஆள் அந்தச் சட்டைக்கார அம்மாதான். இப்போது சட்டை இல்லை, தலை அவிழ்ந்து கிடந்தது. பின்னால் கம்போடு நாலைந்து ஆம்பளைகள்.

"பாய்! நீங்க இன்னும் போகலியா? இங்கன ஆந்தை கத்துச்சே, பாத்தீங்களா? எந்த மரம்?"

இவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். அதோ அந்த மரம் என்று காட்டியிருந்தால் அவர்கள் கல்லெறிந்து விரட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அந்த அம்மா முகம் அப்படி வெளிறியிருந்தது.

"ஆந்தை இல்லம்மா. நான்தான் கத்துனேன்."

"என்னது?"

"வான்கோழி பதில் குடுக்கும்னு..."

ஒரு ஆள் கம்பை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தான். "சாகக் கெடக்குற மனுசன் வீட்டுப் பக்கம் வந்து ஆந்தையாட்டம் கத்துவியா? எவன்டா அனுப்புனது ஒன்னைய?" நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா குறுக்கே கையை நீட்டி அவனை நிறுத்தியது.

"நெசமா நீங்கதான் கத்துனீங்களா? எங்களைச் சமாதானம் பண்றதுக்காகச் சொல்றீங்களா?"

"சத்தியமா நான்தான்."

"அப்ப இப்பக் கத்துங்க. என் கண்ணு முன்னால கத்துங்க. மனுசன் கத்துனதுன்னு எனக்குத் தெரியணும்."

யாரும் சிரிக்கவில்லை. அத்தனை டார்ச்சும் அவர் முகத்தில். கிளிப்பச்சை டீசர்ட்டில் நின்றுகொண்டு என் புருசன் கையைக் குவித்தார். கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். அதே கிழட்டு ஆந்தை.

அந்தக் கறுப்பு மரக்கூட்டத்தின் உச்சியிலிருந்து குளுகுளுகுளுவென்று பதில் வந்தது.

ஓங்கிய கம்போடு நின்றவன் அண்ணாந்தான். "இது என்னடா?" மறுபடி அவர் கத்தாமலே ஒரு குளுகுளு. நான் அழுதுவிட்டேன். அந்த அம்மா மாரில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "எங்கப்பனே, மனுசப்பயதான்" என்றது. பிறகு ஏதோ நினைவு வந்தாற்போல, "ஒத்தை இல்ல. ரெண்டு ஆச்சு. ரெட்டைக் குரல்" என்று தனக்குத்தானே சொன்னது. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவர் சாக்கோடு மரத்தைப் பார்க்க நடந்தார். கம்புக்காரன் பாய்ந்து தோளைப் பிடித்தான்.

"செருப்போட எங்கிட்டுப் போற? அய்யனார் காடு அது."

அப்போதுதான் கவனித்தேன், மரங்களுக்கு முன்னால் வரிசையாகக் கல் நட்டிருந்தது, உள்ளே உடைந்த மண் குதிரையின் கால் ஒன்று தெரிந்தது. அந்த ஊரில் அந்தக் காட்டிலிருந்து காய்ந்த சுள்ளிகூட எடுக்கமாட்டார்களாம். வலை கட்டுகிறவன் விரட்டின முயல் கல்லைத் தாண்டி உள்ளே போய்விட்டால் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பிவிடுவானாம்.

"உள்ள போன உசுரு அவருக்கு" என்றது அந்த அம்மா. "எங்க ஆடு போனாலும் அப்புடித்தான். கல்லுக்கு இங்கிட்டு நின்னு கூப்புடுவோம். தானா வந்தா எங்களுது. வரலைன்னா அவரோடது. காலையில வாங்க. கூப்புட்டுப் பாருங்க. கல்லைத் தாண்டி ஒரு விரல் போகக்கூடாது, சொல்லிட்டேன்."

விடிவதற்குள் லோடு ஆட்டோ பிடித்து, கோழியைக் கவிழ்த்து வைக்கிற பஞ்சாரக் கூடைகளோடு நானும், ஸ்கூட்டரில் அதே கிளிப்பச்சையில் அவருமாக வந்துவிட்டோம். அந்த அம்மா வந்து நின்றது. மாமனார் எப்படி என்று கேட்கப் பயந்துகொண்டே கேட்டேன். "அப்புடியேதான். ராத்திரி ஒரு வாய் கஞ்சி எறங்குச்சு" என்றது.

வெளிச்சம் வந்ததும் மரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொப்தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. நான் கல்லுக்கு இந்தப் பக்கம் குத்தவைத்து, அலுமினியத் தட்டில் கம்புத் தானியத்தைக் கொட்டித் தட்டினேன். "பா பா பா" என்று கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். இலைக்கு நடுவே ஒரு மொட்டைத் தலை எட்டிப் பார்த்தது. கழுத்தை நீட்டி, சுருக்கி, நீட்டி, மூன்று தரம் வட்டம் போட்டு, கல்லைத் தாண்டியது. அதன் பின்னால் இன்னொரு பெட்டை. இவர் ஒவ்வொன்றையும் அமுக்கி அமுக்கிக் கூடைக்குள் போட்டார். நான் தட்டுவதை நிறுத்தவே இல்லை.

கடைசியில் சேவல் வந்தது. ஒற்றைச் சேவல், மற்றதை நாய் தின்றிருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் சரியாக ஒரு முழம் தள்ளி நின்று, வாலை விரித்து, உடம்பை உப்பிக்கொண்டு, எங்களைப் பார்த்தது. அது இல்லாவிட்டால் பெட்டைகள் இடும் முட்டை வெறும் முட்டை. குஞ்சு இல்லை, கொல்லை இல்லை. தட்டிக்கொண்டே இருந்தேன், கை மரத்துப்போனது. இவர் வயிறு தரையில் பட ஊர்ந்து போய் மெல்லக் கையை நீட்டினார். விரல் கல்லுக்கு நேராக வந்தது.

"பாய். கை" என்றது அந்த அம்மா.

அவர் கையை இழுத்துக்கொண்டார். சேவல் ஒரு குளுகுளு கொடுத்துவிட்டு, திரும்பி, அவசரமே இல்லாமல் உள்ளே போய்விட்டது.

நான் தட்டைக் கீழே வைத்தேன். பாதி கிடைத்தால் இருக்கிறேன் என்று அவர் சொல்லவில்லையே. கிடைத்தால் இருக்கிறேன் என்றுதான் சொன்னார். இது கிடைத்ததிலா சேர்த்தி, கிடைக்காததிலா? அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கூடைகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அவர் முழங்கையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு அந்த அம்மாவிடம் கேட்டார்: "வேற எங்கிட்டெல்லாம் தண்ணி குடிக்கும், தெரியுமாம்மா? கண்மாயில தண்ணி இந்த ஓரமா, அந்த ஓரமா?"

"மயிலெல்லாம் இந்த ஓரந்தான் எறங்கும். ஏன்?"

"பொட்டை ரெண்ட நாளைக்குக் கொண்டாந்து இங்கன கூண்டுல வைக்கலாமா? சத்தம் கேட்டா வருவான்ல?"

"வைங்க, யாரு வேணாங்கிறா. ஆனா அவரு விடணுமே?"

"விடுற வரைக்கும் வாரேன்."

"வருசம் ஆனா?"

"வாரேன்ம்மா. எனக்கு என்ன வேலை."

நான் குனிந்தபடியே இருந்தேன். நிமிர்ந்தால் அவர் மாற்றிச் சொல்லிவிடுவார் என்று ஒரு பயம். பிறகு அவர் கொஞ்சம் தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு போன் பேசினார். "வேற ஆளைப் பாத்துக்கங்க" என்றது மட்டும் காதில் விழுந்தது. நான் கேட்டது சரிதானா என்று அந்த அம்மாவைப் பார்த்தேன். அது பெட்டைக்கோழியின் தலையைத் தடவிக்கொண்டு, "சீ, என்ன இப்புடி மொட்டையா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஆட்டோவின் பின்னால் கூடைகளைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். அவர் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். கண்மாய்க்கரைத் திருப்பத்தில் அவரைக் காணவில்லை. டிரைவரை நிறுத்தச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அந்தக் கிளிப்பச்சை வளைவில் தெரிந்தது. அன்னவாசல் வருகிற வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.